நட்டக்காரர்

அவர் பெயரை எழுத மாட்டேன். எழுதினாலும் எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்கு அது யாரென்று தெரியாது. முகத்துக்கு நேரே "டேசன்காரரே" என்போம். அவர் முதுகைத் திருப்பினால் "நட்டக்காரர்". அந்தப் பெயரை முதலில் சொன்னது நானா, என்னோடு வந்த லாரி புரோக்கரா என்று இப்போது ஞாபகம் இல்லை. யார் சொன்னாலும் சிரித்தது எல்லோரும்தான்.

சேலத்திலிருந்து நாமக்கல் போகும் ரயில் பாதையில் எங்கள் ஊருக்கு ஒரு நிறுத்தம் இருந்தது. ஸ்டேஷன் இல்லை, ஹால்ட். ஒரு நீள மேடை, ஒரு சின்ன அறை, அதில் ஒரு ஜன்னல், அவ்வளவுதான். ரயில்வே ஆள் யாரும் கிடையாது. இப்படிப்பட்ட இடங்களில் உள்ளூர் ஆள் ஒருவரை டிக்கெட் விற்கும் ஏஜென்ட்டாக வைப்பார்கள். அவர் பெரிய ஸ்டேஷனுக்குப் போய்க் கைக்காசைக் கட்டி டிக்கெட் கட்டுகளை வாங்கி வர வேண்டும். விற்றால் கமிஷன். விற்காவிட்டால் ஒன்றும் இல்லை. சம்பளம் கிடையாது, சீருடை கிடையாது. ஆனால் இவர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில்தான் வருவார். பார்த்தால் பெரிய உத்தியோகம் என்று தோன்றும். அந்தக் கோலத்தைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும்.

நான் அப்போது சேலத்தில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப் போடும் வேலையில் இருந்தேன். காலை வண்டியில் போய் மாலை வண்டியில் வருவேன். எங்கள் ஹால்ட்டில் தினமும் முப்பது, நாற்பது பேர் ஏறுவோம். நூல் மில்லுக்குப் போகிறவர்கள், காலேஜ் பிள்ளைகள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், கீரைக்கட்டு விற்கிறவர்கள். டிக்கெட் எடுப்பது நாலைந்து பேர்.

காசில்லாமல் இல்லை. பத்து ரூபாய்தான். அதே கூட்டம் மேடைக்கு வரும் முன்பு பத்து ரூபாய்க்கு டீயும் போண்டாவும் தின்றுவிட்டுத்தான் வரும். யாரும் எடுக்கவில்லை, நான் மட்டும் எடுத்தால் என்னை இளிச்சவாய் என்பார்கள். காரணம் அவ்வளவுதான். இதற்கு மேல் சப்பைக்கட்டு கட்ட எனக்கு இஷ்டமில்லை.

அவர் குணம் ஒன்றே ஒன்று. ரயிலுக்கு வரும் நட்டம் தன் வீட்டில் வரும் நட்டம் என்று நினைப்பார். குழாய் சொட்டினால் நட்டம். பகலில் விளக்கு எரிந்தால் நட்டம். வண்டி ஒரு நிமிஷம் கூடுதலாக நின்றால் அது எரிக்கும் டீசல் நட்டம். ஒருநாள் நான் கடலைக்காய் தின்றுவிட்டுத் தோலை மேடையில் போட்டேன். குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்.

"ஏனுங்ணா, கடலைத் தோலுமா நட்டம்?"

"கூட்டறதுக்கு ஆளு போடோணும் சாமி. ஆளு போட்டாக் கூலி குடுக்கோணும். கூலி யாரு குடுக்கறது?"

"ரயில்வே குடுக்கும்."

"ரயில்வேக்கு யாரு குடுப்பா?"

"அதையெல்லாம் நான் எதுக்கு ரோசனை பண்றேன்? என்ற பொழப்பே எனக்குப் பெரும்பாடு."

"நானாச்சும் ரோசனை பண்ணோணுமல்ல" என்று சொல்லி, பொறுக்கிய தோலைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இஸ்திரி போட்ட சட்டை.

அவரே சேலம் போக வேண்டியிருந்தால் நடக்கும் கூத்து இன்னொன்று. அறைக்குள் உட்கார்ந்து, தன் சட்டைப் பையிலிருந்து ஒரு நூறு ரூபாய் நோட்டை எடுத்துப் பெட்டியில் போடுவார். ஒரு டிக்கெட்டை எடுத்துத் தேதி குத்தும் மிஷினில் வைத்து டொக்கென்று குத்துவார். மீதித் தொண்ணூறை எண்ணி எடுத்துத் தனக்கே கொடுத்துக்கொள்வார். பிறகு கதவைப் பூட்டிவிட்டு வெளியே வருவார். கார்டு ஒருவர், "ஏன் டேசன்காரரே, நீங்க சும்மா ஏறினா யாரு கேப்பாங்க?" என்றார்.

"யாரும் கேக்க மாட்டாங்க சார். அதுக்குத்தான் எடுக்கறேன்."

இதைக் கேட்டு நாங்கள் ஒரு வாரம் சிரித்தோம்.

அவர் உறுதியாக நம்பிய விஷயம் ஒன்று உண்டு. ஏறுகிற ஒவ்வொருவரும் டிக்கெட் எடுத்தால் இந்த வண்டி லாபத்தில் ஓடும், யாரிடமும் கையேந்த வேண்டாம், எங்கள் ஹால்ட்டை யாரும் அசைக்க முடியாது. வண்டி தாமதமான ஒரு காலையில் லாரி புரோக்கர் அவரை வம்புக்கு இழுத்தார். புரோக்கருக்கு அப்போது சொந்தமாக ஒரு லாரியும் இருந்தது. ஆனால் சேலம் போவது ரயிலில், ஓசியில்.

"ஏனுங் டேசன்காரரே, சனங்க ஏறற ரயிலு எந்த நாட்டுலயாச்சும் லாபத்துல ஓடுதுங்களா? கவுருமெண்டு கை குடுக்கலீன்னா நாளைக்கே படுத்துரும்."

"எதுக்குப் படுக்கோணும்? ஏறறவன் பூராம் டிக்கெட்டு எடுத்தா லாபந்தான்."

"பத்து ரூவாயிலயா? என்ற லாரி இங்கிருந்து சேலம் போய்ச் சேர டீசலு எத்தன குடிக்குதுன்னு தெரியுமா உங்களுக்கு?"

"உன்ற லாரியில எத்தன பேரு ஏறுவான்? இதுல எத்தன நூறு பேரு ஏறறான்!"

"ஏறறான், செரி. எடுக்கறானா?"

மேடையே சிரித்தது. டிக்கெட் எடுக்காத அத்தனை பேரும் சிரித்தோம். புரோக்கரும்தான். அவர் மட்டும் சிரிக்கவில்லை. "அதத்தானே நானும் கேக்கறேன்" என்று சொல்லிவிட்டு ஜன்னலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

அவர் மனைவி சேகோ மில்லில் வேலை செய்தார். குச்சிக்கிழங்கை அரைத்து ஜவ்வரிசி செய்யும் மில். காலையில் வேலைக்குப் போகும் வழியில் சோற்றுத் தூக்குப்போசியை ஜன்னலில் வைத்துவிட்டுப் போவார். அதிகம் பேசாத மனுஷி. லாரி புரோக்கர் கவுருமெண்டு கை குடுக்கோணும் என்று பேசிக்கொண்டிருந்த அன்று காலை அந்தம்மாவும் அங்கே நின்றிருந்தார். போகிற போக்கில் சொன்னார்: "ரயிலுக்குக் கவுருமெண்டு மட்டுமா குடுக்குது? நானுந்தான் குடுக்கறேன்."

அதற்கும் சிரித்தோம். ஆனால் அது சிரிக்கும் விஷயம் இல்லை. தினம் நாலைந்து டிக்கெட் விற்றால் கமிஷன் எவ்வளவு வரும்? அவர் பெரிய ஸ்டேஷனுக்குப் போய்வரும் மொபெட்டுக்குப் பெட்ரோல் போடவே அது காணாது. தறி இரண்டு வைத்திருந்தார், அதை விற்றாகிவிட்டது. வீட்டில் அடுப்பு எரிந்தது அந்தம்மாவின் மில் கூலியில். ரயில் மானியம் இல்லாமல் ஓடுமா என்று பெரிய மனிதர்கள் டிவியில் பேசுகிறார்கள். எங்கள் ஹால்ட் ஓடியது ஒரு பெண்பிள்ளை வெயிலில் நின்று ஜவ்வரிசி துழாவிய கூலியில். இந்தக் கணக்கை அவர்கள் யாரும் சேர்க்க மாட்டார்கள்.

ஒரு வைகாசியில் ரயில்வேயிலிருந்து அவருக்கு ஒரு கடிதம் வந்தது. டிக்கெட் விற்பனை மிகக் குறைவு, இப்படியே போனால் இந்த நிறுத்தத்தை எடுத்துவிடலாமா என்று பரிசீலிக்கப்படும் என்று. மேடையில் நின்று எங்களுக்குப் படித்துக் காட்டினார். "நெறுத்தம் போயிருமுங்க. இனிமேலாச்சும் எடுங்க." நாங்கள் தலையாட்டினோம். மறுநாள் ஆறு டிக்கெட் விற்றது. அதற்கு மறுநாள் ஐந்து.

அடுத்த மாதம் ஒரு திங்கட்கிழமை, சேலத்துக்கு முந்தின ஸ்டேஷனில் டிக்கெட் பரிசோதிக்கும் ஸ்குவாடு எங்கள் பெட்டியில் ஏறியது. நேராக எங்களிடம் வந்தார்கள். பதினாலு பேர் மாட்டினோம். சேலத்தில் இறக்கி மேடையில் வரிசையாக நிற்க வைத்தார்கள். தலைக்கு இருநூற்றைம்பது ரூபாய் அபராதம், அதோடு டிக்கெட் காசு. என் பையில் நாற்பது ரூபாய் இருந்தது. என் வீட்டுக்காரர் பணத்தோடு வந்து சேரும் வரை ஒரு அறையில் உட்கார்ந்திருந்தேன். என் கடைக்குத் துணி எடுக்க வரும் இரண்டு பெண்கள் அந்த வழியாகப் போனார்கள். பார்த்துவிட்டு, பார்க்காதது போலப் போனார்கள். கடைக்கு மதியம் போனேன். முதலாளி எல்லோர் முன்னாலும் வாய்க்கு வந்ததைச் சொன்னார். ஒரு நாள் சம்பளமும் போனது.

ஸ்குவாடில் இருந்தவர் ரசீது எழுதும்போது சொன்னார்: "எங்களைத் திட்டாதீங்கம்மா. உங்க ஏஜென்ட்டுதான் எழுதிக் குடுத்தாரு. எத்தன பேரு, எந்தப் பெட்டின்னு."

அன்று மாலை வண்டியிலிருந்து இறங்கி நேரே ஜன்னலுக்குப் போனேன். அதுவரை அவரை அண்ணா என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். அன்று கூப்பிடவில்லை.

"தறிய வித்துத் தின்னே. தீந்து போச்சு. இப்ப எங்கள வித்துத் தின்னறயா?"

"எனக்கு அவங்க ஒத்த ரூவா குடுக்கல சாமி. நெறுத்தம் போயிரக் கூடாதுன்னுதான்..."

"உன்ற நெறுத்தமும் வேண்டாம், நீயும் வேண்டாம். பொண்டாட்டி கூலியில சோறு தின்னறவனுக்கு என்ன ரோசம்?"

அவர் மிஷினில் மறுநாள் தேதியை மாற்றிக்கொண்டிருந்தார். விரல் வழுக்கி மறுபடி மறுபடி அதே எண்ணையே திருப்பினார். என் பின்னால் நின்ற கூட்டத்தில் ஒருவர்கூட என்னை நிறுத்தச் சொல்லவில்லை.

அதன் பிறகு நாங்கள் மேடைக்கே போவதில்லை. மறுபக்கத்தில், மேடை இல்லாத பக்கத்தில், ஜல்லியில் நிற்போம். வண்டி வந்ததும் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கி ஏறுவோம். கீரைக்காரம்மாவைக்கூட இரண்டு பேர் தூக்கி ஏற்றுவோம். அவர் முகத்தில் விழிக்கக் கூடாது, அவரிடம் ஒரு ரூபாய் போகக் கூடாது, அதுதான் வைராக்கியம். முன்பு சோம்பலில் டிக்கெட் எடுக்கவில்லை. இப்போது கோபத்தில் எடுக்கவில்லை. டிக்கெட் எடுக்கும் அந்த நாலைந்து பேரோடு அவர் மேடையில் நின்று, வண்டி கிளம்பும் வரை எங்களையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாளும் திட்டியதில்லை. "கால் வழுக்கும், பாத்து ஏறுங்க" என்று அங்கிருந்தே கத்துவார். அதுவும் எனக்கு நடிப்பாகத்தான் தெரிந்தது.

இப்படி ஐந்தாறு மாதம் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் மொபெட்டில் வீடு வீடாக வந்தார். எங்கள் வீட்டுக்கும் வந்தார். நான் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. என் வீட்டுக்காரரிடம் வாசலில் நின்றே பேசினார்.

"இந்த மாசத்துல ஒருநாள் ஆளுங்கள எண்ண வாராங்க. என்னிக்குன்னு சொல்ல மாட்டாங்க. ஏறறவங்க எத்தன, எறங்கறவங்க எத்தனன்னு எண்ணிக்கிட்டுப் போவாங்க. அத வெச்சுத்தான் நெறுத்தம் இருக்குமா, போகுமான்னு முடிவு பண்ணுவாங்க. புடிக்க இல்லீங்க, எண்ணத்தான். சித்த மேடையில வந்து நிக்கச் சொல்லுங்க."

என் வீட்டுக்காரர் சரி என்று அனுப்பினார். நான் உள்ளே இருந்து கேட்கும்படியாகவே சொன்னேன்: "மறுபடியும் கண்ணி வெக்கறான்."

அந்த நாள் ஒரு புதன்கிழமை. கார்த்திகை பனி. மறுபக்கத்தில் எங்கள் பின்னால் குச்சிக்கிழங்குக் காடு ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து நின்றது. நாங்கள் முப்பது பேருக்கு மேல் இருந்தோம். கறுப்புப் பேண்ட், வெள்ளைச் சட்டை, கையில் கிளிப் வைத்த அட்டையோடு ஒருவர் மேடையில் நிற்பதை யாரோ பார்த்துவிட்டார்கள்.

"ஸ்குவாடு டோய்!"

அவ்வளவுதான். செருப்பு ஒரு பக்கம், பை ஒரு பக்கம், அத்தனை பேரும் குச்சிக்காட்டுக்குள் ஓடினோம். வரப்பு தாண்டி, செடிகளுக்கு நடுவே ஈர மண்ணில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தோம். லாரி புரோக்கர்கூட. ஒருவர் இருமினால் மற்றவர் வாயைப் பொத்தினார்.

அவர் தண்டவாளத்தைத் தாண்டி ஓடி வந்தார். வரப்பில் நின்றார். செடிகளின் இடைவெளியில் அவர் வேட்டி தெரிந்தது. கையில் ஒரு கட்டு டிக்கெட்.

"எந்திரிச்சு வாங்க! எண்ண வந்திருக்காரு, புடிக்க இல்ல! டிக்கெட்டு நான் தாரேன், காசு வேண்டாம், வந்து ஏறுங்க போதும்! வண்டி வந்துருச்சு, வாங்க சாமி!"

தூரத்தில் ஹாரன் கேட்டது. என் பக்கத்தில் இருந்த காலேஜ் பெண் பாதி எழுந்துவிட்டாள். அவள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். எல்லோருக்கும் கேட்கும்படி நான் சொன்னேன்:

"ஒருத்தரும் போகாதீங்க. அன்னிக்கு வித்தவன் இன்னிக்கும் விப்பான்."

யாரும் எழவில்லை. வண்டி வந்தது, நின்றது. அவர் "வாங்க, வாங்க" என்று கத்திக்கொண்டே இருந்தார். ஒரு நிமிஷம்தான் நிற்கும் வண்டி, அன்று கொஞ்சம் கூடுதலாகவே நின்றது. எங்களைக் கூப்பிடும் நடுவிலேயே கார்டைப் பார்த்தும் கும்பிட்டுக் கெஞ்சியிருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. டீசல் வீணாவதைப் பொறுக்காத மனிதர். பிறகு வண்டி கிளம்பிப் போய்விட்டது.

சத்தம் அடங்கியதும் ஒவ்வொருவராக வெளியே வந்தோம். முழங்கால் வரை மண். மேடையில் அந்த அட்டைக்காரர் எழுதிக்கொண்டிருந்தார். சின்ன வயசு. யாரையும் பிடிக்கவில்லை, எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. டேசன்காரர் வாசலில் நின்று சொன்னது பொய்யில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"நாலு பேர் ஏறியிருக்காங்க" என்றார் அட்டைக்காரர்.

"சார், இதா வாராங்க பாருங்க. முப்பது பேரு சார். தெனமும் வாரவங்க. இவங்களையும் சேத்திக்குங்க சார்."

"ஏறினவங்களைத்தான் எண்ண முடியும்."

"பயந்து ஓடிட்டாங்க சார். தப்பு என்ற மேல. நான்தான் ஒருக்கா ஸ்குவாடக் கூப்புட்டு உட்டேன்."

அந்தப் பையனுக்கு மனசு கேட்கவில்லை போல. எழுதுவதை நிறுத்தினார். "அண்ணே, ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. இந்த முப்பது பேரும் டிக்கெட் எடுத்து ஏறியிருந்தாலும் இந்த வண்டி லாபத்துல வராது. பாசஞ்சர் வண்டி நம்ம நாட்டுல டிக்கெட் காசுல மட்டும் ஓடறதில்ல. கரியும் சிமெண்டும் ஏத்தற கூட்ஸ் வண்டி சம்பாதிக்குது. அந்தக் காசுலதான் ஜனங்க போறாங்க. உங்க மேலயும் தப்பில்ல, இவங்க மேலயும் தப்பில்ல."

அவர் கையிலிருந்த டிக்கெட் கட்டை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினார்.

"அப்பறம் எதுக்குங்க சார் எண்ணறீங்க?"

"எண்ணிட்டு வரச் சொன்னாங்க" என்றார் அட்டைக்காரர்.

நாங்கள் மெயின் ரோட்டுக்கு நடந்து பஸ் பிடித்துப் போனோம். மாலை வண்டியில் இறங்குகிறவர்களையும் எண்ணுவார்கள் என்று தெரியும். ஒவ்வொருவருக்கும் போன் போட்டு ரயிலில் வரச் சொன்னேன். பாதிப் பேர் எடுக்கவில்லை. சிலர் வேலை முடியவில்லை என்றார்கள். புரோக்கர், "காலைல நீதானே போக வேண்டாம்னே?" என்றார். முதன்முறையாக சேலத்தில் வரிசையில் நின்று டிக்கெட் எடுத்தேன். எங்கள் ஹால்ட்டில் ஐந்து பேர் இறங்கினோம். ஜன்னலுக்குப் போய் டிக்கெட்டை நீட்டினேன்.

"எறங்கறவங்க எங்கிட்டக் காட்ட வேண்டியதில்லீங்க" என்றார். சாமி என்று சொல்லவில்லை.

தை கழிவதற்குள் நிறுத்தத்தை எடுத்துவிட்டார்கள். அறையைப் பூட்டினார்கள். மேடை மட்டும் இருக்கிறது, ஆடுகள் படுக்கின்றன. வண்டி எங்கள் ஊரைத் தாண்டும்போது இப்போது வேகத்தைக்கூடக் குறைப்பதில்லை.

நட்டத்தை மிச்சப்படுத்திவிட்டார்களாம். எங்கே மிச்சம்? ரயில்வேயின் கணக்கிலிருந்து எடுத்து எங்கள் தலையில் வைத்தார்கள், அவ்வளவுதான். ஒன்றரை மைல் நடந்து பஸ் ஏறுகிறோம். பத்து ரூபாய்க்குப் போன இடத்துக்கு அதைப் போலப் பல மடங்கு. கீரைக்காரம்மா கூடையை ஏற்ற கண்டக்டர் விடுவதில்லை, அவர் சேலம் போவதையே விட்டுவிட்டார். நான் துப்பட்டாவைப் பிடித்து இழுத்த பெண் படிப்பை நிறுத்திவிட்டாள். பஸ்ஸால் மட்டும்தான் என்று சொல்ல மாட்டேன். பஸ்ஸும் ஒரு காரணம். எங்கள் ஊர் ரோட்டை யாரும் லாபமா என்று கேட்கவில்லை. தெருவிளக்கைக் கேட்கவில்லை. ரயிலை மட்டும் கேட்டார்கள். கேட்டவர்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. ஆனால் அந்தக் கோபத்தை முழுசாகப் படவும் எனக்கு யோக்கியதை இல்லை.

கொரோனா வந்தது, போனது. பத்து ரூபாய் டிக்கெட் முப்பதாகி, மறுபடி பத்துக்கு வந்தது. அதைப் பார்த்து ஊரில் சிலருக்கு ஆசை. பள்ளிக்கூட வாத்தியாரை வைத்து நிறுத்தத்தைத் திரும்பக் கேட்டு மனு எழுதினார்கள். பழைய ஏஜென்ட் கையெழுத்து இருந்தால் நல்லது என்றார்கள். அவரிடம் போக யாருக்கும் முகம் இல்லை. நான் போகிறேன் என்றேன்.

அவர் மனைவி வேலை செய்த அதே சேகோ மில்லில்தான் அவரும் வேலைக்குச் சேர்ந்திருந்தார். காயவைக்கும் களம் முழுக்க வெள்ளையாக ஜவ்வரிசி. கண் கூசியது. பனியனும் லுங்கியும் கட்டி, மரப்பலகையால் துழாவிக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார்.

"வா சாமி. ஊட்டுல எல்லாரும் சௌக்கியமா?"

மறுபடி அந்த "சாமி"யைக் கேட்டதும் சொல்ல வந்ததெல்லாம் வரிசை தப்பியது. மனுவை எடுக்கும் முன்பே அதைச் சொல்லிவிட்டேன். "அண்ணா, அன்னிக்குக் குச்சிக்காட்டுல போக வேண்டாம்னு தடுத்தது நாந்தான்."

பலகையை நிறுத்தவில்லை. "தெரியுமே. உன்ற கொரலு எனக்குத் தெரியாதா?"

"அப்பறம் ஏனுங்ணா ஒரு வார்த்த கேக்கல?"

"என்னத்தக் கேக்கறது? நீ சொன்னது பொய்யா? வித்தவன்தானே நானு."

எனக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மனுவை நீட்டினேன். கையை லுங்கியில் துடைத்துவிட்டு வாங்கினார். கண்ணுக்கு எட்டத்தில் பிடித்து மெதுவாக, வரி வரியாகப் படித்தார். ஓர் இடத்தில் நின்றது விரல்.

"இதென்ன, 'இந்நிறுத்தத்தால் ரயில்வே துறைக்கு லாபம் கிடைக்கும்'னு எழுதியிருக்குது?"

"அப்படி எழுதினாத்தான் குடுப்பாங்கன்னு வாத்தியாரு சொன்னாரு."

"அத அடிச்சிரு சாமி. லாபம்னு எழுதினா எண்ண வருவாங்க. எண்ண வந்தா நீங்க ஓடிருவீங்க."

பேனாவைக் கேட்டு வாங்கி அவரே அந்த வரியை அடித்தார். ஒரு கோடு போதும், மூன்று கோடு போட்டார்.

"அதுக்குப் பதிலா என்னங்ணா எழுதறது?"

"எனக்குத் தெரியல. இத்தன வருஷம் எனக்கு அது ஒண்ணுதான் தெரியும். அதும் இல்லைன்னு ஆகிப்போச்சு."

கையெழுத்துப் போடுவார் என்று நின்றேன். தாளை நாலாக மடித்து என் கையில் வைத்தார். பேனாவை மூடி, அதையும் கொடுத்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பலகையை எடுத்துக்கொண்டு களத்தின் அந்தக் கோடிக்கு நடந்தார். மேலாகக் காய்ந்ததை அடியில் தள்ளி, அடியில் இருந்த ஈரத்தை மேலே கொண்டுவந்தார். நான் இருக்கிறேனா, போய்விட்டேனா என்று ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.